பனிமலையில் ஒரு பயண வீடு

ஊருக்குப் புறப்படுமுன் நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்போம். காஸை மூடினோமா, குழாயை மூடினோமா என்று தெருமுனைவரை சந்தேகப்பட்டுக்கொண்டே போவோம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று வீட்டையே காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு புறப்படுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஆமையும் நத்தையும் ஆதிகாலம் முதல் செய்துவரும் காரியத்தை வட அமெரிக்கர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வீட்டை அங்கே 'டிராவல் டிரெய்லர்' என்கிறார்கள். நாம் 'பயண வீடு' என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின்மேல் நிற்கும் ஒரு நீண்ட பெட்டி. அதற்குள் படுக்கை, சாப்பாட்டு மேஜை, காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளியலறை எல்லாம் உண்டு. கொலுப்படியில் வைத்த மரச் சொப்பைப்போல ஒவ்வொன்றும் சின்னதாய், அழகாய் இருக்கும். கோடைகாலத்தில் இதற்குள் குடித்தனம் செய்வது பெரிய வித்தை அல்ல. மைனஸ் 20, 25 டிகிரிக் குளிரிலும் சமைத்து, குளித்து, தூங்கி எழுந்து, வீட்டையும் உடையாமல் திருப்பிக் கொண்டுவருவதுதான் வித்தை. அதைப் பார்க்க உங்களைக் கனடாவுக்கு அழைத்துப் போகிறேன். கம்பளிச் சட்டை, கையுறை, காதுக்குக் குல்லாய் எல்லாம் எடுத்துக்கொண்டீர்களா? சரி, புறப்படலாம்.

கனடாவின் மேற்குப் பக்கத்தில் ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம். அதில் கால்கரி என்பது பெரிய நகரம். நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே உண்டு. உங்கள் உறவினர் யாராவதுகூட இருக்கலாம். கால்கரியிலிருந்து மேற்கே உத்தேசமாக 125 கிலோமீட்டர் போனால் பான்ஃப் என்ற சிற்றூர் வந்துவிடும். முதலில் சமவெளிதான். பிறகு திடீரென்று ராக்கி மலைகள் எதிரே எழுந்து நிற்கும். சுமார் 1,380 மீட்டர் உயரத்தில், நாலு பக்கமும் மலைகள் காவல் காக்க, நடுவே போ என்ற நதி ஓட, பான்ஃப் அமர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் அந்த நதியும் பெரும்பாலும் பனிக்கட்டிப் போர்வைக்குள் அடங்கிவிடும்.

ஊரை ஒட்டி டன்னல் மலை என்று ஒன்று இருக்கிறது. டன்னல் என்றால் சுரங்கப் பாதை அல்லவா? ஆனால் அந்த மலையில் தேடினாலும் சுரங்கம் அகப்படாது! 1880-களில் ரயில் பாதைக்கு அளவெடுத்தவர்கள் அதைக் குடைந்துகொண்டு போகத் திட்டம் போட்டார்கள். பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு போக வழி கிடைத்துவிட்டது. சுரங்கம் வரவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த மலைச் சரிவில், பைன் மரங்களுக்கு நடுவே, பயண வீடுகளை நிறுத்தும் முகாம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி குளிர்காலத்திலும் திறந்திருப்பது வழக்கம். மின்சாரத் தொடர்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே தண்ணீர்க் குழாய் கிடையாது. அந்தக் குளிரில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஜனவரி மாதத் தொடக்கத்தில் இங்கே எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்ப்பான். ஐந்து மணிக்குள் மறைந்துவிடுவான். இரவில் மைனஸ் 15 டிகிரி என்பது சர்வசாதாரணம். சில நாட்கள் மைனஸ் 30-க்கும் இறங்கும். பயண வீட்டின் சுவரோ இரண்டு அங்குல கனம் இருந்தால் அதிகம். வெளியே மெல்லிய தகடு, உள்ளே பலகை, நடுவில் கொஞ்சம் நுரைப்பொருள். இவ்வளவுதான் உங்களுக்கும் அந்தக் குளிருக்கும் நடுவே இருக்கும் கோட்டை மதில்!

மனிதர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். இரண்டு கம்பளியைக் கூடப் போர்த்திக்கொள்வார்கள். சமாளிக்க முடியாதது தண்ணீர். தண்ணீர் உறைந்து கட்டியாகும்போது சுமார் 9 சதவிகிதம் பருத்துவிடுகிறது. மூடிய குழாய்க்குள் அது பருத்தால் எங்கே போகும்? மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பை உடைக்கும், குழாயின் திருகைப் பிளக்கும், பம்பைப் பாழாக்கும், வெந்நீர்த் தொட்டியையே வெடிக்கச் செய்யும். இதில் ஒரு சூழ்ச்சி பாருங்கள்: உடைந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உடைத்த பனிக்கட்டியே ஓட்டையையும் அடைத்துக்கொண்டு நிற்கும். வெயில் வந்து அது உருகிய பிறகுதான் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கசியும்; தரைப் பலகை ஊறி உப்பும். அதற்குள் பழுது பார்க்கும் செலவு மலைபோல ஏறியிருக்கும்.

ஆகவே, குளிர்காலப் பயண வீட்டின் சாஸ்திரம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம்: தண்ணீர் இருக்கும் இடம் சூடாக இருக்கவேண்டும், சூடாக வைக்க முடியாத இடத்தில் தண்ணீரே இருக்கக்கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.

இரண்டு வழிகள்

அனுபவசாலிகள் இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரக் கடைசியில் இரண்டு நாள் மட்டும் வந்து போகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. வீட்டின் குழாய்களை ஐப்பசி வாக்கில் குளிர் தொடங்கும்போதே காலி செய்துவிடுவார்கள். பிறகு பங்குனிவரை அவற்றைத் தொடுவதில்லை. குடிக்கவும் சமைக்கவும் பெரிய பிளாஸ்டிக் ஜாடிகளில் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்குள்ளே, மனிதர்கள் இருக்கும் சூட்டிலேயே, வைத்துக்கொள்வார்கள். பாத்திரத்தை ஒரு கிண்ணத் தண்ணீரில் கழுவி முடிப்பார்கள். நம் பாட்டிமார்கள் கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து நாள் முழுவதும் ஓட்டவில்லையா? அதே கணக்குத்தான்.

இரண்டாவது வழி, குழாய்களையும் உபயோகிப்பது. குழந்தைகள் இருக்கும் குடும்பம், மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இதை நாடுவார்கள். இதற்குக் காவல் அதிகம் வேண்டும். முதலாவதாக, வழிப்பயணத்தில் குழாய்களில் தண்ணீர் வைத்துக்கொள்ளாமல், வந்து சேர்ந்து வீடு நன்றாகச் சூடேறிய பிறகே நிரப்புவது நல்லது. வேகமாகப் போகும் வண்டியின் அடிப்பாகத்தில் குளிர்காற்று அடித்துக்கொண்டே இருக்குமல்லவா? முகாமுக்கு வந்ததும் உள்ளே உள்ள தொட்டியை நிரப்பிக்கொண்டு, ரப்பர் குழாயை உடனே கழற்றி, வடித்து, சுருட்டி உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். வெளியே தரையில் கிடக்கும் குழாய் அரைமணி நேரத்தில் கம்பிபோல விறைத்துவிடும். நாள் முழுவதும் குழாய்த் தொடர்பு வேண்டுமென்றால் மின்சாரக் கம்பி சுற்றிய வெப்பக் குழாய் விற்கிறார்கள். அதையும் திருகுமுனை வரையில் போர்த்தாவிட்டால், விட்டுப்போன அந்த நாலு விரற்கடை இடத்தில் உறைந்துவிடும்.

வீடுகளில் குளிருக்குப் பயந்து குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. பயண வீட்டில் அது உதவாது. சொட்டுகிற தண்ணீர் போய்ச் சேருவது வண்டிக்கு அடியில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியில்தான். அது விடிவதற்குள் நிரம்பிவிடலாம். அந்தத் தொட்டியின் வால்வையும் எப்போதும் மூடியே வைக்கவேண்டும். ஓரளவு நிரம்பிய பிறகு, முகாமில் அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய், ஒரே மூச்சில் கொட்டிவிடவேண்டும். திறந்தே வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வழிகிற நீர் குழாயிலேயே தட்டுத் தட்டாக உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தி கொண்டு தட்டிச் சரிசெய்கிற கணவன்மாரின் முகத்தை அந்தச் சமயத்தில் பார்க்காமல் இருப்பதே குடும்பத்துக்கு க்ஷேமம்!

காலுக்கு அடியில் ஒரு குளிர்

ஃபர்னஸ் என்னும் காஸ் உலைதான் இந்த வீட்டுக்குச் சூடு தருகிறது. காஸ் எரிந்து சூடாகும் காற்றை ஒரு விசிறி வீட்டுக்குள் தள்ளும். குளிர்காலத்துக்கென்றே செய்த வீடுகளில், அந்தச் சூட்டுக் காற்றில் ஒரு பங்கு தரைக்கு அடியில் உள்ள பெட்டிப் பகுதிக்கும் போகும். தொட்டிகளும் குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன.

இங்கேதான் சிக்கனக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். காஸ் செலவாகிறதே என்று மின்சார ஹீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மின்சாரம்தான் வாடகையோடு சேர்ந்து கிடைக்கிறதே! அறை கதகதவென்று இருக்கும். சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட், 'வீடு சூடாகத்தானே இருக்கிறது?' என்று உலையை மூட்டாமலே விட்டுவிடும். உலை எரியாவிட்டால் தரைக்கு அடியில் சூட்டுக் காற்றுப் போகாது. மேலே குடும்பம் காபி குடித்துக்கொண்டு சுகமாக இருக்கும். கீழே தொட்டி சத்தமில்லாமல் உறைந்துகொண்டிருக்கும். மின்சார ஹீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலை அடிக்கடி எரியும்படியாகத் தெர்மோஸ்டாட்டைத் திருப்பி வைக்கவேண்டும். இது தெரிந்த இல்லத்தரசி அடிப்பகுதியில் சின்னதாக ஒரு வெப்பமானியை வைத்துவிட்டு, அதன் எண்ணைப் படுக்கைக்குப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்வாள். அறையின் வெப்பத்தைவிட அந்த எண்தான் முக்கியம்.

சமையல் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைப் பகலும் இரவும் திறந்து வைப்பதும் அவள் வழக்கம். வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்க்கு அந்த வழியாகத்தான் அறைச் சூடு போகவேண்டும். பார்ப்பதற்கு அலங்கோலந்தான். உடைந்த குழாய் அதைவிட அலங்கோலம் அல்லவா?

மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்குகிறவர்கள் வண்டிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் நுரைப் பலகையால் அடைத்துவிடுவார்கள். இதற்குப் 'பாவாடை கட்டுவது' என்றே ஆங்கிலத்தில் பெயர்! அதன்மேல் வெளிப்புறமாகப் பனியை அணைத்துக் குவித்துவிடுவதும் உண்டு. பனியைக் கொண்டு குளிரைத் தடுப்பதாவது என்று நீங்கள் சிரிக்கலாம். பொலபொலவென்று விழுந்த பனிக்குள்ளே காற்று நிறைய அடைபட்டிருக்கிறது; பஞ்சு மெத்தை சூட்டைக் காப்பதும் அதே காரணத்தால்தான். சக்கரத்துக்கும் முட்டுக்கால்களுக்கும் கீழே மரக்கட்டை வைப்பதையும் மறக்கமாட்டார்கள். இல்லாவிட்டால் புறப்படும் நாளில் கால்கள் தரையோடு தரையாக உறைந்துபோய், வீடு 'வரமாட்டேன்' என்று சத்தியாக்கிரகம் செய்யும்.

சிலிண்டர் கணக்கு

நம் வீட்டில் 14.2 கிலோ காஸ் சிலிண்டர் ஒரு மாதமாவது வரவில்லை என்றால் நமக்குப் பொறுக்காது. அங்கே பயண வீட்டின் 13 கிலோ சிலிண்டர், கடுங்குளிரில் இரண்டே நாளில் தீர்ந்துபோவது உண்டு. உலை முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் காஸ் குடிக்கும். அதனால் இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்தே பூட்டியிருப்பார்கள். ஒன்று தீர்ந்தால் மற்றொன்று தானே தொடங்கிவிடும். முதலாவது தீர்ந்த அன்றைக்கே அதை நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். நள்ளிரவில் இரண்டாவதும் தீர்ந்தால் காஸ்காரரை எங்கே தேடுவது?

அந்தக் காஸும் நம்முடையதைப் போன்றது அல்ல. நம் சிலிண்டரில் புரோப்பேனோடு பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாக மறுத்து, திரவமாகவே சிலிண்டரின் அடியில் தங்கிவிடும். சுத்தமான புரோப்பேனோ மைனஸ் 42 டிகிரிவரை ஆவியாகும். ஆகவே பனிநாட்டில் அதற்குத்தான் மதிப்பு.

உலையின் விசிறியைச் சுழற்றுவது பாட்டரி. அதற்கும் குளிர்காலத்தில் தனிக் கவனிப்பு வேண்டும். முழுச் சக்தி ஏறிய பாட்டரி கடுங்குளிரிலும் உறையாமல் தாங்கும். சக்தி தீர்ந்த பாட்டரிக்குள் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து வெடித்துவிடும்.

இரவின் எதிரிகள்

இரவில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று ஈரம். நாலு பேர் விடும் மூச்சு, கொதிக்கும் சோறு, உலர வைத்த கையுறை எல்லாவற்றிலிருந்தும் கிளம்பும் ஆவி, ஜன்னல் கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். அடுப்பில் எரியும் காஸும் சும்மா இருப்பதில்லை. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது! அது படுக்கைக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் போய்க் குளிர்ந்து பூசணம் பூக்கும். ஆகவே அவ்வளவு குளிரிலும் கூரையிலுள்ள காற்றுத் துவாரத்தை ஒரு விரல் அளவாவது திறந்து வைக்கவேண்டும். பாத்திரத்தை மூடியே சமைக்கவேண்டும். மெத்தைக்கு அடியில் சட்டம் கொடுத்துக் காற்று ஓடவிடவேண்டும்.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அரைகுறையாக எரியும் காஸிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு அது. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். குளிர் தாங்கவில்லை என்று சமையல் அடுப்பைக் கணப்பாக எரியவிட்டுப் படுத்தவர்கள் விடியலைப் பார்க்காமல் போனதுண்டு. இந்த வாயுவைக் கண்டால் அலறும் சின்னக் கருவி ஒன்று பயண வீட்டில் கட்டாயம் இருக்கவேண்டும். இரவு படுக்குமுன் ஒருவர் வெளியே போய், உலையின் புகைப்போக்கியை விழுந்த பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். குழாய் உடைந்தால் பணத்தோடு போயிற்று. இந்தக் காரியத்தில் மாத்திரம் அலட்சியமே கூடாது, சகோதரிகளே!

மின்சாரம் போய், பாட்டரியும் ஓய்ந்து, உலையும் நின்றுவிட்டால்? அப்போது யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. வண்டியின் அடியில் மிகத் தாழ்வான இடத்தில் வடிகுழாய்த் திருகுகள் இருக்கும். அவற்றையும் உள்ளே உள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால், சில நிமிஷங்களில் பெரும்பாலான தண்ணீர் வெளியே போய்விடும். வெந்நீர்த் தொட்டியை மட்டும் சற்று ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே திறக்கவேண்டும். அந்தத் திருகுகள் எங்கே இருக்கின்றன என்பது கும்மிருட்டிலும் கை தானே போகும்படியாக வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கவேண்டும். கணவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவருக்குக் காய்ச்சல் வரும் நாள் எதுவென்று யார் கண்டார்கள்?

எதற்காக இத்தனை பாடு?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'ஹோட்டலில் தங்கிவிட்டுப் போகக்கூடாதா?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. காலையில் கதவைத் திறந்து பாருங்கள். ரண்டில் மலையின் உச்சியில் முதல் வெயில் ரோஜா நிறமாகப் படுகிறது. பைன் மரங்கள் கையில் பனியை ஏந்திக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. எல்க் என்ற பெரிய மான் ஒன்று உங்கள் வாசலைத் தாண்டி நிதானமாக நடந்து போகிறது. உங்கள் அடுப்பிலே காபி கொதிக்கிறது. எந்த ஹோட்டல் ஜன்னல் இதைத் தரும்?

பகலில் ஜான்ஸ்டன் பள்ளத்தாக்குக்குப் போகலாம். அங்கே அருவிகள் விழுகிற நிலையிலேயே உறைந்து, நீலப் பளிங்குத் தூண்களாக நிற்கும். லூயீஸ் ஏரிக்குப் போனால் ஏரியின்மேலேயே குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள். சாயங்காலம் பான்ஃபின் மேல் வெந்நீர் ஊற்றுக் குளம். 37 முதல் 40 டிகிரிச் சூடுள்ள நீரில் கழுத்தளவு அமர்ந்திருப்பீர்கள். தலைமயிரில் மட்டும் பனி பூத்திருக்கும். 1883-ல் மூன்று ரயில்வே ஊழியர்கள் இந்தப் பக்கத்து மலைக் குகை ஒன்றில் வெந்நீர் ஊற்றைக் கண்டார்கள். அதைக் காப்பதற்காக 1885-ல் அரசாங்கம் ஒதுக்கிய நிலமே கனடாவின் முதல் தேசியப் பூங்காவாக வளர்ந்தது. மனிதன் ஒரு தொட்டித் தண்ணீரை உறையாமல் வைக்க இத்தனை பாடுபடும் ஊரில், மலை தன் வயிற்றுச் சூட்டால் கணக்கில்லாத தண்ணீரைச் சுடவைத்து இலவசமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது!

சில சமயம் மேற்கேயிருந்து சினூக் என்ற வெப்பக்காற்று வீசும். சில மணி நேரத்தில் குளிர் 20 டிகிரிகூடத் தணிந்து, கூரைப் பனி சொட்ட ஆரம்பிக்கும். அதை நம்பிக் காவலை விட்டுவிடக்கூடாது. காற்று நின்றதும் சொட்டியதெல்லாம் கதவு இடுக்கிலும் பூட்டிலும் மறுபடி உறைந்துகொள்ளும்.

புறப்படும் நாள் வந்துவிட்டதா? தொட்டிகளைக் காலி செய்து, குழாய்களை வடித்த பிறகு, ரோஜா நிறமான ஒரு திரவத்தைப் பம்பினால் குழாய்களுக்குள் ஏற்றுவார்கள். புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த 'ஆண்டிஃப்ரீஸ்' அது. மைனஸ் குளிரிலும் குழாயைப் பிளக்காது. வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் வழியை முதலில் அடைத்துவிட்டால் பத்து லிட்டர் அளவில் காரியம் முடிந்துவிடும். ஒவ்வொரு குழாயிலும், வெந்நீர்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும், ரோஜா நிறம் வரும்வரை திறந்து பார்க்கவேண்டும். கடைசியில் கழிவுக் குழாய்களின் வளைவுகளிலும் ஒரு கிண்ணம் ஊற்றவேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் கடும் விஷம். குடிநீர்க் குழாயில் அதை ஒருபோதும் விடக்கூடாது.

கால்கரியிலோ வேறு பனியூரிலோ இருக்கும் உங்கள் மகளோ தங்கையோ, 'குளிர்கால விடுமுறைக்குப் பயண வீட்டில் போகிறோம்' என்று எழுதினால் வீணாகப் பயப்படாதீர்கள். இரண்டே இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: விஷவாயுக் கருவி வேலை செய்கிறதா? வடிகுழாய்த் திருகு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், நிம்மதியாக ஆசீர்வாதம் செய்து அனுப்பிவையுங்கள்.